வெள்ளை மணல அள்ளிக் கொட்டிறவா அண்ணே?

திருநகர்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதிருக்காங்க, கொஞ்சம் சுருக்கி கீழ போட்டுருக்கேன்.

"அண்ணே, ரெண்டடி மீன் டேங்க், வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. டைல்ஸ் கடையில ஒயிட் சாண்ட்னு ஒரு மூட்டை 25 கிலோ வாங்கி அப்படியே முழுசும் அடியில போட்டேன். லைட்டு கம்மியா இருந்தாலும் வளரும்னு சொன்னதால அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்ட் மூணும் வாங்கி மணல்ல நட்டேன். போர் தண்ணிதான், தண்ணில கரைஞ்சிருக்க உப்பு அளவு, அதான் டிடிஎஸ், மீட்டர்ல 780 காட்டுது. கப்பி மீன் எட்டு, கோரி மீன் அஞ்சு கெடக்கு. இப்ப மணல் மேல பூரா பழுப்பா தூசி படிஞ்சுருச்சு. அனுபியாஸ் அடியில அழுகி நாத்தம் வருது, ஃபெர்ன் இலைக்கு அடியில கறுப்பு கறுப்பா புள்ளி, வெட்டி வெட்டி போட்டுக்கிட்டு இருக்கேன். கிரிப்ட் இலை கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சே போச்சு. கோரி மீன் வெளுத்துப் போயி கெடக்கு. கடையில கேட்டா லைட்டு பத்தல, பெரிய லைட்டும் சிஓ2 சிலிண்டரும் போடுங்க, மணல எடுத்துட்டு செடிக்குன்னு விக்கிற கறுப்பு மண் உருண்டை, அந்த கறுப்பு சாயில் மாத்துங்கன்றாங்க. காலைல 7 மணிக்கு லைட்டு போட்டா ராத்திரி 10 மணிக்குத்தான் அணைப்பேன், அதுக்கே பத்தலையா? வீட்டுக்காரர் டேங்கையே தூக்கிருவோம்ன்றாரு. மணல அள்ளிக் கொட்டிறவா?"

அள்ளாதீங்க தங்கச்சி. லைட்டும் வாங்காதீங்க, சிலிண்டரும் வேணாம். டேங்க் செட் பண்ணிக் குடுத்து மாசாமாசம் வீடு வீடா போயி பராமரிக்கிறதுதான் 17 வருஷமா எனக்கு பொழப்பு, மதுரைக்குள்ள இதே மூணு செடிய இதே வெள்ளை மணல்ல வச்சு இதே மாதிரி கஷ்டப்பட்ட வீடு நெறய பாத்துருக்கேன், ஒரு வீட்டுல கூட வெளிச்சம் பத்தாம செடி போனதில்ல. வெளிச்சம் கூடிப் போயோ, நட்ட விதம் தப்பாப் போயோதான் போச்சு. ஒங்க டேங்க்குக்கு இப்ப வேண்டியது நெழலு.

எப்படின்னு சொல்றேன். லைட்டு கம்மியா இருந்தாலும் வளரும்னு சொல்ற செடிங்க பெரும்பாலும் பைய வளர்ற செடிங்க. அனுபியாஸ் மாசத்துக்கு ஒரு இலை, மிஞ்சிப்போனா ரெண்டு இலை விடும், அதுக்கு மேல அதால ஓட முடியாது. நீங்க 15 மணி நேரம் லைட்டு போட்டாலும் அது தின்னுறது கொஞ்சம்தான், மிச்சம் இருக்க வெளிச்சம் பூராத்தையும் பாசி எடுத்துக்கும். பத்தாததுக்கு ஒங்க மணலு வெள்ளை. கறுப்பு அடித்தளம் வெளிச்சத்த முழுங்கிரும், வெள்ளை மணல் அத திருப்பி மேல அனுப்பும், மதியம் மொட்டை மாடில வெள்ளை டைல்ஸ்ல நிக்கிறப்ப கீழ இருந்து கண்ணு கூசும்ல அதே கதைதான், இலைக்கு மேலயும் அடி கீழயும் அடி. அனுபியாஸ் ஆப்பிரிக்காவுல காட்டு ஓடையோரம் மரத்தடி நெழல்ல கல்ல புடிச்சுக்கிட்டு வளர்ற செடி, அத கொண்டாந்து வெள்ளை மணல்ல 15 மணி நேரம் நிறுத்துனா என்ன பண்ணும் பாவம்.

ஆனா ஒண்ணு, மணல அள்ளாதீங்கன்னு நான் சொன்னது அது நல்ல மணலா இருந்தா மட்டும்தான். டைல்ஸ் கடையில வாங்குனது, அதனால மொதல்ல ஒரு சோதனை பண்ணுங்க. டேங்க்ல இருந்து ஒரு ஸ்பூன் மணல் எடுத்து நல்லா கழுவி ஒரு நாள் வெயில்ல காய வச்சு, கண்ணாடி டம்ளர்ல போட்டு மேல சமையலுக்கு வாங்குற வினிகர் நாலு ஸ்பூன் ஊத்துங்க. ஊத்துன ஒடனே ரெண்டு மூணு கொமிழி வரும், அது மணலுக்கு நடுவுல இருந்த காத்து, அத பாத்து பயந்துறாதீங்க. ஒரு நிமிஷம் கழிச்சும் சோடா மாதிரி பொடிப்பொடியா விடாம கொமிழி வந்துக்கிட்டே இருக்கா, காதுக்கிட்ட வச்சா சன்னமா சத்தம் கேக்குதான்னு பாருங்க. வந்தா அது மார்பிள் பொடி, இல்லன்னா சங்கு சிப்பி கலந்த மணலு, தண்ணில கரைஞ்சு கால்சியத்த கூட்டிக்கிட்டே போகும். ஒண்ணும் வரலன்னா அது வெங்கச்சங்கல்லு ஒடைச்ச மணல், அதான் சிலிக்கா, சின்ன வயசுல இருட்டுக்குள்ள ரெண்டு வெங்கச்சங்கல்ல உரசி பொறி பறக்குறத பாத்துருப்பீங்கல்ல அந்த கல்லுதான், ஆயுசுக்கும் தண்ணில கரையாது, செடிக்கும் மீனுக்கும் ஒரு கெடுதலும் பண்ணாது.

இத ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா நான் ஒரு தடவ இந்த சோதனை பண்ணாம ஒரு வீட்டுல மீன சாகடிச்சிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசு. பாக்க பளபளன்னு கல்கண்டு மாதிரி ஒரு மணலு, ஒரு எடத்துல மூட்டையா கெடச்சுச்சு, வாங்கிப் போட்டு கேன் தண்ணி ஊத்தி டெட்ரா மீன் விட்டேன். வாராவாரம் போயி மீட்டர வச்சா டிடிஎஸ் ஏறிக்கிட்டே இருக்கு, தண்ணி சரியில்லன்னு கேன் தண்ணியவே மறுபடி மறுபடி மாத்துனேன், மாத்த மாத்த மீனு செறகை ஒடுக்கிக்கிட்டு ஒரு மூலைல போயி நின்னுச்சு. கேன்ல வர்ற ஆர்ஓ தண்ணி உப்பு ரொம்ப கம்மியான தண்ணி, அது மார்பிள வெரசா கரைச்சிருச்சு, இது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வெளங்குச்சு. அந்த வீட்டுல ஒரு சின்னப் பையன் தெனமும் ஸ்கூல் விட்டு வந்து அந்த டேங்க் முன்னாடி ஒக்காருவான், அவன்கிட்ட பதில் சொல்ல முடியல என்னால. அன்னைலேருந்து வினிகர் பாட்டில் இல்லாம வேலைக்கு போறதில்ல.

ஒங்க கேசுல கொமிழி வந்தாலும் பதறாதீங்க. ஒங்க போர் தண்ணி 780, ஏற்கனவே உப்பும் கால்சியமும் நெறஞ்ச தண்ணி, அதுல மார்பிள் அவ்வளவா கரையாது, கப்பிக்கு கடின தண்ணி புடிக்கவும் செய்யும். ஆனா கோரி இருக்கே, அது நாள் பூரா மூஞ்சிய மணலுக்குள்ள விட்டு சல்லடை மாதிரி சலிச்சு செவுள் வழியா வெளிய விடுற மீனு, ஒடைச்ச மார்பிள் கூரா இருந்துச்சுன்னா அதோட மீசை தேஞ்சு தேஞ்சு மொட்டையாகலாம், அதுல புண்ணும் வரலாம். அதனால ரெண்டாவது சோதனை: ஈர மணல ஒரு பிடி எடுத்து மணிக்கட்டுக்கு உள்பக்கம் மெதுவா தேச்சுப் பாருங்க. பவுடர் பூசுற மாதிரி வழுக்கிட்டுப் போனா இருக்கட்டும். சுருக்குனு கீறுனா மட்டும் மாத்துங்க, அப்பவும் கறுப்பு சாயில் வேணாம். அந்த சாயில் தண்ணிய மென்மையாக்குற கொணம் உள்ளது, நம்ம ஊரு போர் தண்ணில அதோட சக்தி சீக்கிரம் தீந்து போயிரும், போட்ட புதுசுல பல சாயில் அமோனியா வேற விடும், உள்ள மீன வச்சுக்கிட்டு அத போடவே கூடாது. வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் மாட்டுற கடைகள்ல போர் தண்ணி ஃபில்டருக்கு உள்ள போடுற ஃபில்டர் மணல் கெடைக்கும், மணல் பருமன் அர மில்லிமீட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கது கேளுங்க, வெளிர் மஞ்சளா சந்தனம் மாதிரி இருக்கும், என்னைக் கேட்டா சுத்த வெள்ளைய விட அந்த நெறம்தான் கண்ணுக்கு எதமா இருக்கு. வைகைல போயி அள்ளுற யோசனை வேணாம், அனுமதியில்லாம அள்ளக்கூடாது, அதோட இப்ப அதுல சாக்கடை கலக்காத எடம்னு எத சொல்றது. எம்சாண்டும் வேணாம், பாறைய ஒடைச்சு செஞ்ச மணல், அதுல இருக்க தூசிய கழுவி முடியாது, முனையும் கூரு.

இப்ப மணல் அளவு. 25 கிலோவும் போட்டேன்னு சொல்றீங்க, ரெண்டடிக்கு ஒரு அடி தரைக்கு அது கிட்டத்தட்ட மூணரை இஞ்சு ஒசரம் வரும். அதிகம். மணலு ஜல்லி மாதிரி இல்ல, அமுங்கி கெட்டியாயிரும், அடியில தண்ணி போகாது, காத்து இல்லாத எடத்துல அழுகுற கழிவு முட்டை அழுகுன வாடை அடிக்கும், கண்ணாடி ஓரமா கறுப்பா திட்டு தெரிஞ்சா அதுதான். நாலு சென்டிமீட்டர் போதும், ஒங்க டேங்க்குக்கு 12 கிலோ மணலு. மிச்சத்த ஒரே நாள்ல எடுத்துறாதீங்க, அடியில தேங்கி இருக்க கெட்ட வாயு மொத்தமா கெளம்புனா மீனுக்கு ஆபத்து. வாரத்துக்கு ஒரு பக்கமா, தண்ணி மாத்துற அன்னைக்கு, கொத்தனாரு மட்டம் பாக்குற லெவல் ட்யூப் இருக்கே அந்த குழாயால மணலையும் தண்ணியையும் சேத்து பக்கெட்டுக்கு இழுத்துருங்க, நாலு வாரத்துல சரியாயிரும். அப்ப ஃபில்டர ஆஃப் பண்ணி வைங்க, மணல் உள்ள போனா மோட்டார் சக்கரம் தேஞ்சுரும், முடிச்சதும் மறக்காம போட்டுருங்க.

அடுத்து செடி. இங்கதான் பெரிய தப்பு நடந்துருக்கு, அது ஒங்க தப்பு இல்ல, விக்கிறவங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருக்கணும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மணல்ல நடுற செடியே கெடையாது. ரெண்டுக்கும் வேருக்கும் இலைக்கும் நடுவுல இஞ்சி மாதிரி படுத்தவாக்குல ஒரு தண்டு ஓடும், ரைசோம்னு சொல்லுவாங்க, அது எப்பவும் தண்ணிக்குள்ள தொறந்து கெடக்கணும். மணலுக்குள்ள பொதைச்சா அது மூச்சு முட்டி அழுகும். ஒங்களுக்கு நாத்தம் வந்தது அதான்.

அனுபியாஸ பைய வெளிய எடுங்க. தண்டை ரெண்டு வெரலால அமுக்கிப் பாருங்க. கெட்டியா பச்சையா இருக்க எடம் உசுரோட இருக்கு, கொழகொழன்னு பழுப்பா அமுங்குற எடம் செத்தது. புது பிளேடு ஒண்ணு எடுத்து செத்த பக்கத்த வெட்டுங்க, வெட்டுன எடம் உள்ளுக்குள்ள வெள்ளரிக்கா மாதிரி வெளிர் பச்சையா தெரியிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சீவிட்டே போங்க, ஒரு இஞ்சு தண்டும் அதுல ரெண்டு இலையும் மிஞ்சுனா போதும், செடி பொழச்சுரும். அத ஒரு கல்லு மேல வச்சு கட்டுங்க. கல்லுக்கு மேலூர் பக்கத்து கிரானைட் துண்டு ரொம்ப நல்லது, கிரானைட் வேலை பாக்குற பட்டறைல கழிச்சுப் போட்டது கெடக்கும், கறுப்பு இல்லன்னா சாம்பல் நெறத்துல பாலீஷ் போடாத துண்டா பாத்து எடுங்க, வினிகருக்கு பொங்காது, வெள்ளை மணல் மேல கறுங்கல்லு ஒக்காந்து அதுல பச்சை இலை வந்தா அந்த அழகே தனி. கட்டுறதுக்கு நம்ம வீட்டுல மல்லி கட்டுற நூலு இருக்கும்ல அதே போதும். தண்டு நசுங்காம வேரை மட்டும் கல்லோட சேத்து நாலு சுத்து சுத்தி முடி போடுங்க, இறுக்கமா பூ கட்டுற கை ஒங்களுக்கு இருக்கும், இதுக்கு அந்த இறுக்கம் வேணாம், தளர்வா கட்டுனா போதும். அந்த நூலு சில மாசத்துல தண்ணில மக்கிரும், அதுக்குள்ள வேரு கல்ல கவ்விக்கும். அவசரமா இருந்தா பெவிக்விக் ஒரு சொட்டு, வேரை துணியால ஒத்தி எடுத்துட்டு கல்லுல ஒரு சொட்டு வச்சு அமுக்குனா ஒட்டிக்கும், காஞ்சப்பறம் வெள்ளையா பூத்த மாதிரி தெரியும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது.

ஜாவா ஃபெர்னுக்கும் இதே வைத்தியம்தான். ஆனா தங்கச்சி, அந்த இலைய வெட்டுறத இன்னைக்கே நிறுத்துங்க! இலைக்கு அடியில வரிசையா இருக்க அந்த புள்ளி நோயே இல்ல. ஃபெர்ன்னா பெரணி வகை, பூ கெடையாது வெதை கெடையாது, இலைக்கு பின்னாடி வர்ற அந்த புள்ளிதான் அதோட வித்துப்பை. ஒரு இலைய டார்ச் அடிச்சு பாருங்க, புள்ளி இருக்க எடத்துலயோ இலை நுனிலயோ தலைமுடி மாதிரி கறுப்பா வேரு தொங்கும், அதுக்கு மேல சுண்டு வெரல் நகம் அளவுல குட்டி இலை ரெண்டு நிமிந்து நிக்கும். அது குட்டிச்செடி. தாய் இலைலயே ஒட்டிக்கிட்டு வளரும், ரெண்டு இஞ்சு ஆனதும் தானா கழண்டு வரும், அத எடுத்து இன்னொரு கல்லுல கட்டுனா அது ஒரு செடி. நீங்க வெட்டிப் போட்டதுல எத்தனை செடி போச்சோ. போனது போகட்டும், இருக்க இலைய விட்டு வைங்க.

கிரிப்ட்டுதான் மணல்ல நடவேண்டிய செடி, அத சரியாத்தான் நட்டுருக்கீங்க. இலை கரைஞ்சதுக்கு காரணம் வேற. நர்சரில அத பெரும்பாலும் தண்ணிக்கு மேல ஈரக்காத்துல வளப்பாங்க, அந்த இலை காத்துக்குன்னு பொறந்த இலை, தண்ணிக்குள்ள மூழ்கடிச்சா நிக்காது, கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சுரும். இந்த ஹாபில எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். அடியில வேரு உசுரோட இருக்கும், அத புடுங்கிப் பாக்காதீங்க, எடம் மாத்தாதீங்க, கிரிப்ட்டுக்கு எடம் மாத்துனாலே மறுபடி இலை கரையும். கரைஞ்ச இலைய மட்டும் அடியோட கிள்ளி எடுத்துட்டு விட்டுருங்க, மூணு நாலு வாரத்துல நடுவுல இருந்து சுருட்டுன மாதிரி புது இலை வரும். ஒங்ககிட்ட இருக்கது வெண்டிடி வகைன்னா அது நம்ம பக்கத்து இலங்கை ஓடைகள்ல வளர்றது, நம்ம சூட்டுக்கும் கடின தண்ணிக்கும் தாங்கும், என் அனுபவத்துல இந்த மூணுல மதுரைக்கு ரொம்ப தோதான செடி இதுதான். அதுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும், வெறும் மணல்ல சத்து எதுவும் கெடையாது, இது வேரால சாப்புடுற செடி, அதனால ரூட் டேப்னு மாத்திரை விக்கும், செடிக்கு ஒண்ணு வேருக்கிட்ட மணலுக்குள்ள ஆழமா அமுக்கி விடுங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா. தோட்டத்துக்கு போடுற டிஏபி, யூரியா, மாட்டுச்சாணின்னு யாராவது யோசனை சொன்னா காதுல வாங்காதீங்க, அமோனியா ஏறி ஒரே ராத்திரில மீன் மெதந்துரும், நான் போயி பாத்துருக்கேன். அனுபியாஸுக்கும் ஃபெர்னுக்கும் மீன் கழிவே பாதி சாப்பாடு, திரவ ஒரம் வேணும்னா டப்பால போட்டுருக்க அளவுல பாதி, வாரத்துக்கு ஒரு தடவ, அம்புட்டுதான்.

லைட்டு விஷயம் சுருக்கமா. எலக்ட்ரிக் கடையில பிளக்குல மாட்டுற டைமர் ஒண்ணு வாங்கி ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வைங்க, சாயங்காலம் 4ல இருந்து 10 வரைக்கும் வச்சா வீட்டுல எல்லாரும் இருக்கப்ப எரியும். ஜன்னல் வெயில் டேங்க் மேல விழுந்தா அந்தப் பக்கம் திரை போடுங்க. அதுக்கு மேல, மெதக்குற செடி கொஞ்சம் விடுங்க, சால்வினியா இல்லன்னா ஃப்ராக்பிட், மேல்பரப்புல மூணுல ஒரு பங்கு மூடுனா போதும், ஏர் ட்யூப வளையமா ஒட்டி மெதக்க விட்டா அந்த செடி வளையத்துக்கு வெளியவே நிக்கும், உள்ள வெளிச்சம் குளம் மாதிரி மணல்ல விழும், பக்கத்துல அனுபியாஸ் நெழல்ல நிக்கும். பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்கு போயிருக்கீங்களா, அருவிக்கு கீழ தண்ணி தேங்குற எடத்துல பாறைக்கு நடுவுல வெளிர் மணலு, மரக்கிளை சந்துல வெயில் துண்டு துண்டா விழுந்து ஆடும், வெள்ளை மணல் டேங்க் செட் பண்றப்ப எல்லாம் என் மனசுல இருக்க படம் அதுதான். ஒங்க டேங்க்ல அந்த கிளை இல்ல, அதத்தான் வைக்கச் சொல்றேன்.

மணல் மேல படிஞ்ச பழுப்பு தூசி டயட்டம், புது டேங்க்ல வர்ற ஒரு பாசி. வெரலால தொட்டா மாவு மாதிரி ஒட்டும், தண்ணில கரைஞ்சிருக்க சிலிக்காவ எடுத்து வளரும், போர் தண்ணில சிலிக்கா உண்டு. பெரும்பாலும் சில வாரத்துல தானா போயிரும். நெரைட் நத்தை மூணு விட்டா மேஞ்சு தீத்துரும், கண்ணாடில வெள்ளையா எள்ளு மாதிரி முட்டை வைக்கும், கடல் தண்ணி கலக்காத தண்ணில அது பொரியாது, அதனால பெருகிருமோன்ற பயம் வேணாம். ஆனா மணல் மேல நீலப்பச்சையா ஜவ்வு மாதிரி ஏடு படிஞ்சு உரிச்சா தோலு மாதிரி வந்து மண்வாடை அடிச்சுச்சுன்னா அது வேற சாமான், தண்ணி ஓட்டம் இல்லாத மூலைல வரும், உறிஞ்சி எடுத்துட்டு ஃபில்டர் தண்ணி அந்த மூலைக்கு போற மாதிரி திருப்பி விடுங்க.

வாராவாரம் சுத்தம் பண்றப்ப குழாய மணலுக்குள்ள குத்தாதீங்க, ஒரு இஞ்சு மேல புடிச்சு, இன்னொரு கையால மணலுக்கு மேல லேசா விசிறுங்க, கழிவு எந்திரிச்சு குழாய்க்குள்ள போகும், மணல் கனம், அப்படியே ஒக்காந்துரும். வெள்ளை மணல்ல மீன் போட்ட கழிவு ஒவ்வொண்ணும் தெரியத்தான் செய்யும், கறுப்புலயும் அதே அளவு இருக்கு, கண்ணுக்கு தெரியல அம்புட்டுதான், என்னைக் கேட்டா தெரியிறதுதான் நல்லது, எம்புட்டு தீனி போடுறோம்னு நமக்கே தெரியும். கொஞ்சம் இருந்துட்டு போகட்டும், தெனமும் தொடைச்சு எடுக்காதீங்க. கப்பியும் கோரியும் சேந்து 13 மீனுக்கு வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துனா போதும், ஃபில்டர் ஸ்பான்ஜ டேங்க்ல எடுத்த தண்ணிலயே அலசுங்க, குழாய்ல காட்டாதீங்க.

கோரி வெளுத்துச்சுன்னு எழுதிருந்தீங்க. நல்லா சாப்புடுது, கூட்டமா சுத்துதுன்னா அது சீக்கு இல்ல. பல மீனுக்கு தரை நெறத்துக்கு தக்கன தன் நெறத்த ஏத்தி எறக்குற கொணம் உண்டு, மேல இருந்து கொக்கு பாத்தா தெரியக்கூடாதுன்னு. வெள்ளைத் தரைல வெளுக்கும். ஆனா ஒளியிறதுக்கு எடமே இல்லாத வெள்ளை டேங்க்ல அதுக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்யும். தெருவுல வாதாங்கொட்டை மரம் இருக்கா பாருங்க, சில பேரு நாட்டு பாதாம்னு சொல்லுவாங்க, அதுல தானா காஞ்சு விழுந்த செம்பழுப்பு இலை, ரோட்டுப் புகை படாத எடத்துல மூணு எடுத்து கழுவி உள்ள போடுங்க, ரெண்டு நாள்ல அடியில ஒக்காந்துரும். தண்ணி லேசா டீ நெறமாகும், அதுவும் கொஞ்சம் வெளிச்சத்த கொறைக்கும். கோரி அஞ்சும் அந்த இலைக்கு அடியில போயி மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு படுக்கும் பாருங்க, அப்படியே ஒக்காந்து பாக்கலாம். இலை சல்லடை மாதிரி ஆனதும் எடுத்துட்டு புது இலை போடுங்க.

வெயில் காலத்துக்கு ஒரு விஷயம், ஏன்னா அழகர் ஆத்துல எறங்குறப்ப நம்ம ஊருல டேங்க் தண்ணி 32 டிகிரி வரைக்கும் போகுது. கிரிப்ட் சமாளிச்சுக்கும், ஜாவா ஃபெர்ன் 30க்கு மேல சுணங்கும், கோரிக்கு அதவிட கஷ்டம், சூடான தண்ணில காத்து கம்மி, மேல மேல வந்து காத்து முழுங்கிட்டு போகும். டேங்க் மூடிய எடுத்துட்டு சின்ன ஃபேன தண்ணி மேல பட்டும் படாம ஓட விடுங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். தண்ணி சீக்கிரம் வத்தும், அப்ப வத்துனதுக்கு போர் தண்ணி ஊத்தக்கூடாது, தண்ணி மட்டும்தான் ஆவியாகும் உப்பு உள்ளயே நிக்கும், மேல மேல 780 ஊத்துனா ஒரு மாசத்துல ஆயிரத்த தாண்டிரும். வத்துனத ஈடு கட்ட மட்டும் கேன் தண்ணி, வாராவாரம் மாத்துறதுக்கு எப்பவும் போல போர் தண்ணி. கரண்ட் போனா பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு கைல இருக்கட்டும். மாநகராட்சி குழாய் தண்ணி புடிச்சா குளோரின் இருக்கும், அதுக்கான மருந்த பாட்டில்ல போட்டுருக்க அளவுக்கு விட்டுட்டு ஊத்துங்க.

கடைசியா, சால்வினியா நல்லா பெருகும், மாசம் ஒரு கை அள்ளி வெளிய எடுக்க வேண்டி வரும். அத வாய்க்கால்லயோ கம்மாய்லயோ போட்டுறாதீங்க தங்கச்சி. வண்டியூர் கம்மாய் வெங்காயத்தாமரை மூடிக் கெடந்தத பாத்துருப்பீங்க, அதுவும் வெளிநாட்டுல இருந்து அழகுக்குன்னு வந்த செடிதான். வெயில்ல காயப் போட்டு ரோசாத் தொட்டிக்கு ஒரமா போட்டுருங்க. ரெண்டு சோதனையும் பண்ணிட்டு என்ன ஆச்சுன்னு ஒரு வரி எழுதுங்க, மணலு கையில சுருக்குனு கீறுச்சுன்னா மீன வச்சுக்கிட்டே மணல எப்படி மாத்துறதுன்னு தனியா சொல்றேன். வீட்டுக்காரர்கிட்ட டேங்க தூக்க வேணாம், டைமர் மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.